58 மி.மீ. வந்த வழி

முகப்பு வளையத்தில் ரஷ்ய எழுத்தில் ‘ஹீலியோஸ்-44-2’ என்று பொறித்திருக்கிறது. பக்கத்திலேயே 2/58 என்ற எண்: அபர்ச்சர் எஃப்/2, குவியத் தூரம் 58 மி.மீ. அதையடுத்து, கண்ணாடிப் பட்டகத்துக்குள் ஒளிக்கதிர் நுழைந்து வெளிவருகிற சின்னம். மாஸ்கோவை ஒட்டிய கிராஸ்னகோர்ஸ்க் ஆலையின் முத்திரை அது. வரிசை எண் 77 என்று தொடங்குகிறது. அந்தக் காலத்துச் சோவியத் லென்ஸ்களில் முதல் இரண்டு இலக்கங்கள் பெரும்பாலும் செய்த ஆண்டைக் குறிக்கும். ஆக, 1977-இல் பிறந்தது. மயிலாப்பூரில் பழைய ஸ்டுடியோ ஒன்றைக் காலி செய்தபோது, ஜெனித் கேமராவில் மாட்டியபடியே என் கைக்கு வந்தது. கேமராவின் ஷட்டர் செத்திருந்தது. லென்ஸுக்கு உயிர் இருந்தது.

இப்போதெல்லாம் அது சோனி மிரர்லெஸ் ஒன்றில் ஏறிக்கொண்டு சென்னைப் பட்டினப்பாக்கத்துக் கரையில் முகங்களைப் பிடிக்கிறது. போர்ட்ரெய்ட்டுக்கென்று யாரும் இதைச் செய்யவில்லை. கேமரா வாங்கினால் பெட்டிக்குள் கூடவே வரும் சாதாரண லென்ஸ். மலையையும் எடுக்கலாம், மாமாவையும் எடுக்கலாம் என்று கொடுத்தது. அது எப்படி முகத்துக்கான லென்ஸ் ஆனது என்பதுதான் அதன் வாழ்க்கைக் கதை. அந்தக் கதை முழுக்கக் கேமராவுக்குள் சாய்வாக நிற்கும் ஒரு மிரரைச் சுற்றியே நடக்கிறது. மிரரால் பிறந்தது. மிரர் வைத்த கேமராக்களே பிறகு அதைக் கைவிட்டன. மிரரை எடுத்துவிட்ட கேமராக்கள் வந்ததும் மறுபடி வேலைக்குத் திரும்பியது.

பிறந்த ஊர் என்று உண்மையில் சொல்ல வேண்டியது ஜெர்மனியின் யெனா நகரத்தை. அங்கே கார்ல் ஸைஸ் நிறுவனத்தில் வில்லி மெர்ட்டே என்ற வடிவமைப்பாளர் 1920களில் ‘பயோட்டார்’ என்ற லென்ஸ் குடும்பத்தைக் கணக்கிட்டார். ஆறு கண்ணாடிகள், நான்கு தொகுதிகள், நடுவில் அபர்ச்சர். இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒன்றுபோல நிற்கும் இந்த அமைப்பை இரட்டை காஸ் என்பார்கள். இதே நிறுவனத்தில் பால் ருடால்ஃப் 1896-லேயே ‘பிளானர்’ என்ற பெயரில் இந்த அமைப்பைச் செய்திருந்தார். படம் கூர்மையாக வந்தும் பெரிதாக எடுபடவில்லை. காரணம் எளிது. நான்கு தொகுதி என்றால் காற்றைத் தொடும் பரப்புகள் எட்டு. கோட்டிங் இல்லாத கண்ணாடியில் ஒவ்வொரு பரப்பிலும் நூற்றுக்கு நாலைந்து பங்கு ஒளி திரும்பிப்போகும். எட்டையும் தாண்டுவதற்குள் மூன்றில் ஒரு பங்கு போய்விடும்; போன ஒளி சும்மாவும் இருக்காது, உள்ளுக்குள்ளேயே தெறித்துப் படத்தை வெளுக்கச் செய்யும். அதே ஸைஸில் அலெக்சாண்டர் ஸ்மகுலா 1935-இல் எதிரொளிப்பைக் குறைக்கும் மெல்லிய கோட்டிங்கைக் கண்டுபிடித்த பிறகுதான் இரட்டை காஸுக்கு நல்ல காலம். இன்று ஐம்பது மி.மீ. லென்ஸ் என்று கடையில் கேட்டு வாங்குவதில் பெரும்பாலானவை இந்த வம்சம்தான்.

1936-இல் ட்ரெஸ்டன் நகரத்து இஹகே நிறுவனம் ‘கினே எக்ஸாக்டா’ என்ற கேமராவைக் கொண்டுவந்தது. 35 மி.மீ. ஃபிலிமுக்கு, லென்ஸ் வழியாகவே பார்த்துப் படமெடுக்கும் கேமராக்களின் முன்னோடி. உள்ளே மிரர். படம் எடுக்கும் நொடியில் அது எழும்பி விலக வேண்டும். அதற்கு இடம் வேண்டும். 50 மி.மீ., எஃப்/2 என்று இரட்டை காஸ் லென்ஸைச் செய்தால் அதன் பின்கண்ணாடி உள்ளே நீண்டு மிரரின் வழியில் நிற்கும். அதனால் குவியத் தூரத்தைக் கொஞ்சம் நீட்டினார்கள்: 58. அழகுக்காகவோ முகத்துக்காகவோ சேர்த்த எட்டு மில்லிமீட்டர் அல்ல. மிரருக்கு விட்ட வழி. அந்த எட்டுதான் பின்னாளில் முகத்துக்கு நல்லதாகப் போயிற்று.

1945 ஏப்ரலில் அமெரிக்கப் படை யெனாவைப் பிடித்தது. ஆனால் அந்தப் பகுதி சோவியத் பங்கு என்று ஒப்பந்தம். கோடையில் வெளியேறியபோது அமெரிக்கர்கள் ஸைஸின் நிபுணர்கள் எண்பது பேருக்கு மேல் மேற்கே அழைத்துப்போனார்கள். மெர்ட்டே பிறகு அமெரிக்காவுக்கே போய், 1948-இல் காலமானார். மிச்சமிருந்த இயந்திரங்களையும் வரைபடங்களையும் சோவியத் யூனியன் கழற்றிக்கொண்டுபோனது. 1946 அக்டோபரில் ஜெர்மன் நிபுணர்களையும் குடும்பத்தோடு ரயிலேற்றியது. போரின் நடுவே 1942-இல் தொடங்கிய கிராஸ்னகோர்ஸ்க் ஆலைக்கும் இவற்றில் ஒரு பங்கு வந்து சேர்ந்தது. அங்கே பயோட்டாரைச் சோவியத் கண்ணாடி வகைகளுக்கு ஏற்றபடி மறுபடி கணக்கிட்டார்கள். முதலில் சோதனைப் பிரதிகள். பிறகு 1958-இல் ‘ஸ்டார்ட்’ என்ற கேமராவோடு ஹீலியோஸ்-44 என்ற பெயரில் வெளியே வந்தது. திருட்டு என்று சொல்லலாம், போர் இழப்பீடு என்றும் சொல்லலாம். எந்த ஊரில் உட்கார்ந்து சொல்கிறோம் என்பதைப் பொறுத்தது.

1965-இல் ஜெனித்-இ வந்தது. இந்த ஒரு மாடல் மட்டும் முப்பது லட்சத்துக்கு மேல் செய்தார்கள்; அதன் தம்பி மாடல்களையும் சேர்த்தால் எண்ணிக்கை இன்னும் எங்கோ போகும். அவற்றில் மிகப் பலவற்றின் முன்னால் ஹீலியோஸ்-44-2. எம்42 எனப்படும், 42 மி.மீ. குறுக்களவுள்ள திருகு மரை. கேமரா பார்க்க இரும்புப்பெட்டி. ஷட்டர் வேகம் நொடியில் 30-இல் ஒரு பங்கிலிருந்து 500-இல் ஒரு பங்கு வரைதான். உள்ளே பேட்டரி கிடையாது. ஆனால் விழுந்தாலும் எழுந்துகொள்ளும். இந்தியாவும் சோவியத்தும் 1953-இல் வர்த்தக ஒப்பந்தம் போட்ட பிறகு டாலர் தேவையில்லாமல் ரூபாயிலேயே சரக்கு வந்தது. மாஸ்கோவில் அச்சடித்த தமிழ்ப் புத்தகங்கள் நியூ செஞ்சுரி புத்தகக் கடைகளில் மலிவு விலைக்குக் கிடைத்த அதே காலத்தில்தான், ஜப்பான் கேமரா வாங்க வசதியில்லாத நம்மூர் இளைஞர்கள் கையில் ஜெனித் புழங்கியது. ஃபிலிமுக்கு ஊட்டியில் இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் இருந்தது. 1960-இல் தொடங்கி 1967-இல் உற்பத்திக்கு வந்த அரசு நிறுவனம். ரஷ்ய லென்ஸ், நீலகிரி ஃபிலிம். அணிசேராக் கொள்கையை இதைவிடச் சின்னப் பெட்டிக்குள் யாரும் அடைத்ததில்லை.

ஸ்டுடியோக்காரர்கள் மட்டும் இதை மதித்ததில்லை. முகம் எடுக்க அவர்களுக்கு மரக் கேமரா இருந்தது, பிறகு 120 ஃபிலிம் போடும் இரட்டைக் கண் யாஷிகா. நெகட்டிவ் பெரிது, பென்சிலால் ரீடச் செய்யலாம். அம்மைத் தழும்பை எடுத்துவிடலாம், கன்னத்தை ஒடுக்கலாம். தபால்தலை அளவு 35 மி.மீ. நெகட்டிவில் அந்த வித்தையெல்லாம் நடக்காது. ஹீலியோஸ் மீது இன்னொரு குறையும் சொன்னார்கள்: பின்னணி ஒழுங்காக இருக்காது, சுழலும்.

சுழலும் என்பது சரியான வார்த்தை. எஃப்/2-இல் முழுதாகத் திறந்து வைத்து, ஆளை ஒன்றரை மீட்டரில் நிறுத்தி, பின்னால் ஆறேழு மீட்டர் தள்ளி ஒரு பூவரசமரம் இருக்கும்படி எடுத்துப் பாருங்கள். இலைகளின் இடைவெளியில் வரும் ஒளிப்புள்ளிகள் படத்தின் நடுவில் வட்டமாக விழும். ஓரத்துக்குப் போகப்போக வட்டம் நசுங்கிக் கண் வடிவத்துக்கு வரும். அந்தக் கண்கள் எல்லாம் நடுவிலிருக்கும் முகத்தைச் சுற்றி வளைந்து நிற்கும். சாய்வாக நுழையும் ஒளிக்கற்றையை முன்கண்ணாடியின் விளிம்பு ஒரு பக்கமும் பின்கண்ணாடியின் விளிம்பு மறுபக்கமும் நறுக்கிவிடுவதால் வருவது இது. ஓரத்தில் குவியம் வளைந்து போகிற குறையும் கூடவே சேர்ந்துகொள்கிறது. எஃப்/4-க்கு மூடினால் சுழல் காணாமல் போய், நல்ல பிள்ளையாக, எல்லா லென்ஸும் மாதிரி ஆகிவிடும். உலகின் முதல் போர்ட்ரெய்ட் லென்ஸ் என்று சொல்லத்தக்க, வியன்னாவில் ஜோசப் பெட்ஸ்வல் 1840-இல் கணக்கிட்ட லென்ஸுக்கும் இதே சுபாவம் உண்டு. நூற்றைம்பது ஆண்டுகள் வடிவமைப்பாளர்கள் தலையைப் பிய்த்துக்கொண்டு ஒழித்த குறையை இன்று காசு கொடுத்துத் தேடுகிறோம். இது ரசனையின் வெற்றியா, சலிப்பின் விளைவா என்று எனக்குள்ளும் ஒரு வழக்கு உண்டு. பாதி சலிப்புதான் என்று நினைக்கிறேன். குறையே இல்லாத படங்களைக் கைபேசி தினமும் ஆயிரக்கணக்கில் கொட்டுகிறது.

1985-இல் மினோல்டா தானாக ஃபோகஸ் செய்யும் கேமராவைக் கொண்டுவந்தது. மற்றவர்களும் பின்னாலேயே வந்தார்கள். திருகு மரை செத்தது. சோவியத் யூனியனும் போனது. சென்னையில் அலமாரிக்குள் போன லென்ஸுக்கு இன்னொரு எதிரி காத்திருந்தான். இந்த ஊர்க் காற்றில் ஆண்டு முழுக்க ஈரம். இருட்டில் மூடிவைத்த தோல் உறைக்குள் அந்த ஈரம் தங்கும். கண்ணாடியின் உள்பக்கம் சிலந்தி நூல் மாதிரி ஃபங்கஸ் படரும். விட்டுவைத்தால் கோட்டிங்கையே அரித்துவிடும். எத்தனையோ ஹீலியோஸ்கள் மந்தைவெளி, அடையாறு வீடுகளின் பரண்களில் இப்படித்தான் குருடாகியிருக்கும். டிஜிட்டல் எஸ்.எல்.ஆர். வந்தபோதும் முழு விடுதலை இல்லை. எம்42 லென்ஸ் சென்சாரிலிருந்து 45.46 மி.மீ. தூரத்தில் நிற்க வேண்டும். கேனானில் உடம்பின் ஆழம் 44 மி.மீ.; ஒன்றரை மி.மீ. வளையம் போட்டு ஒப்பேற்றலாம். நிகானில் 46.5, லென்ஸ் வெளியே தள்ளி நிற்கும், தூரத்துப் பொருள் ஃபோகஸே ஆகாது. ஒரே ஒரு மில்லிமீட்டர்! கோவிலுக்குள் விட மறுத்த மாதிரிதான்.

2008-இல் பானசோனிக் மிரரைத் தூக்கி எறிந்த ஜி1-ஐ விற்பனைக்குக் கொண்டுவந்தது. 2010-இல் சோனி நெக்ஸ். 2013-இல் சோனி ஏ7, 35 மி.மீ. ஃபிலிம் அளவே உள்ள சென்சாரோடு, அதாவது ஃபுல் ஃப்ரேமோடு. 2018-இல் நிகானும் கேனானும் ஃபுல் ஃப்ரேமில் வந்து சேர்ந்தன. மிரருக்காக ஒதுக்கிய இடம் இனி தேவையில்லை என்பதால் உடம்பு மெலிந்தது: சோனியில் 18 மி.மீ., நிகான் இசட்டில் 16, கேனான் ஆர்.எஃப்.பில் 20, ஃபுஜி எக்ஸில் 17.7. மெலிந்த இடத்தை ஒரு வெற்று உலோகக் குழாயால் நிரப்பினால் போதும். சோனிக்கு அது 27.5 மி.மீ. நீளக் குழாய். உள்ளே கண்ணாடி கிடையாது, மின்னணு கிடையாது. சில நூறு ரூபாயிலிருந்து ஆயிரம், இரண்டாயிரத்துக்குள் முடிந்துவிடும். நான் மாட்டிய அன்று கேமரா, லென்ஸே இல்லை என்று சொல்லிப் படமெடுக்க மறுத்தது. மெனுவில் போய், லென்ஸ் இல்லாமலும் ஷட்டர் அடிக்கலாம் என்பதை அனுமதிக்க வேண்டும். கைநடுக்கத்தைச் சரிசெய்யும் வசதி உடம்பிலேயே இருந்தால், 58 என்று குவியத் தூரத்தையும் கையால் எழுதிவைக்க வேண்டும்.

மிரர்லெஸ் செய்த பெரிய உபகாரம் வேறு. ஜெனித்தின் மங்கலான வியூஃபைண்டரில் எஃப்/2-இல் கண்ணிமை ஃபோகஸ் ஆனதா என்று பார்ப்பது ஜோசியம். ஒன்றரை மீட்டரில் கூர்மையாக விழும் ஆழம் எட்டு சென்டிமீட்டர்தான். மூக்கு நுனியிலிருந்து காது வரைகூடப் போதாது. இப்போது கூர்மையான விளிம்புகள் கலர் கோடாக மின்னிக் காட்டுகின்றன. ஒரு பட்டனை அழுத்தினால் கண் மட்டும் திரை முழுக்கப் பெரிதாகிறது. அந்த லென்ஸ் எவ்வளவு கூர்மையானது என்பதை அது பிறந்த காலத்துக் கேமராக்கள் காட்டவே இல்லை.

இனி, தேர்ந்தெடுப்பது. புதிதாக மிரர்லெஸ் வாங்கியவர்கள் முதலில் கேட்பது, போர்ட்ரெய்ட்டுக்கு எந்த லென்ஸ் என்று. நான் திருப்பிக் கேட்பது, எவ்வளவு தூரத்தில் நின்று பேசிக்கொண்டே எடுப்பீர்கள் என்று. முகத்தின் விகிதத்தைத் தீர்மானிப்பது லென்ஸ் அல்ல, தூரம். அரை மீட்டரில் நின்றால் எந்த லென்ஸிலும் மூக்கு பெருக்கும், காது பின்வாங்கும். ஒன்றரை, இரண்டு மீட்டரில் முகம் நாம் பழகிய முகமாக இருக்கும். அந்தத் தூரத்தில் நின்று தலையும் தோளும் சட்டத்தை நிறைக்க ஃபுல் ஃப்ரேமில் ஏறக்குறைய 85 மி.மீ. வேண்டும். அந்த எண்ணுக்குப் பெரிய ரகசியம் இல்லை, அவ்வளவுதான். சோனியின் 85 மி.மீ. எஃப்/1.8, நிகான் இசட் 85 எஃப்/1.8, கேனான் ஆர்.எஃப். 85 எஃப்/2, ஃபுஜிக்கு 56 மி.மீ. என்று எல்லாக் கடையிலும் இருக்கிறது. கண்ணைத் தானே தேடிப் பிடிக்கும், ஓரம் வரை கூர்மை. குழந்தை ஓடும் வீட்டுக்கும் கல்யாண வேலைக்கும் இதை வாங்குங்கள், பழசைத் தேடி அலையாதீர்கள்.

ஹீலியோஸ் அந்த வேலைக்கு இல்லை. அதை வாங்க நினைத்தால் ஒரு சிக்கலை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். சின்னச் சென்சார் உள்ள கேமராவில் மாட்டினால் 58-ஐ ஒன்றரையால் பெருக்க வேண்டும்: 87. கச்சிதமான போர்ட்ரெய்ட் அளவு. ஆனால் சுழல் இருப்பது ஓரத்தில். சின்னச் சென்சார் அந்த ஓரத்தைத்தான் வெட்டிவிடுகிறது. ஃபுல் ஃப்ரேமில் சுழல் முழுதாகக் கிடைக்கும். ஆனால் அங்கே அது வெறும் 58. தலை மட்டும் நிறைய வேண்டுமென்றால் முகத்தருகே போக வேண்டும், மூக்கு பெருக்கும். எனவே ஃபுல் ஃப்ரேமில் இதை இடுப்பளவு படத்துக்கு வைத்துக்கொள்கிறேன். ஆள், அவர் கை, கையில் இருக்கும் பொருள், பின்னால் அவர் உலகம். முகம் மட்டும் வேண்டுமா, 85.

இன்னும் சில: 44-2 என்ற மாடலையே கேளுங்கள். அதில் அபர்ச்சருக்கு இரண்டு வளையம். ஒன்றில் அளவைக் குறித்துவைத்து, மற்றதைச் சுழற்றி மூடலாம். பின்னால் வந்த 44எம் வரிசையில் சிலவற்றின் பின்பக்க ஊசியை அடாப்டர் அழுத்தாவிட்டால் அபர்ச்சர் மூடவே மூடாது. டார்ச்சை ஒரு பக்கமிருந்து அடித்து மறுபக்கம் பாருங்கள். தூசி பரவாயில்லை, நூல்நூலாக இருந்தால் வைத்துவிட்டு வாருங்கள். ஃபோகஸ் வளையம் இறுகியிருந்தால் பயப்பட வேண்டாம், பழைய கிரீஸ் காய்ந்திருக்கும், லென்ஸ் மெக்கானிக் சரிசெய்துவிடுவார்.

பட்டினப்பாக்கத்துக்கு வருவோம். சாந்தோம் நெடுஞ்சாலையிலிருந்து கிழக்கே திரும்பி, ஃபோர்ஷோர் எஸ்டேட் பஸ் நிலையத்தைத் தாண்டினால் சீனிவாசபுரம், மணல், கடல். தெற்கே அடையாறு கடலில் கலக்கும் முகத்துவாரம். அதற்கு அந்தப் பக்கம் உடைந்த பாலமும் பெசன்ட் நகரும். வடக்கே பார்த்தால் சாந்தோம் பேராலயத்தின் வெள்ளைக் கோபுரம், 1896-இல் கட்டி முடித்தது. முதுகுப்பக்கம் எம்.ஆர்.சி. நகரின் உயர்ந்த கட்டடங்கள். கேமராவோடு வருகிறவர்கள் செய்யும் முதல் காரியம் ஆளைக் கடலுக்கு முன்னால் நிறுத்துவது. ஹீலியோஸுக்கு இது வீண். கடலும் வானமும் வழவழவென்று இருப்பவை. சுழல்வதற்கு அங்கே எதுவும் இல்லை. அதோடு காலைச் சூரியன் நேரே லென்ஸுக்குள் பாய்ந்து, ஒற்றைக் கோட்டிங் மட்டுமே உள்ள பழைய கண்ணாடியில் படம் பால் கலந்ததுபோல வெளுக்கும். எப்போதாவது அது அழகு, பெரும்பாலும் எரிச்சல். உள்ளங்கையை லென்ஸுக்கு மேலே குடையாகப் பிடித்தால் பாதி குறையும்.

கடலுக்கு முதுகைக் காட்டி நான் நிற்க, ஆள் கடலைப் பார்த்து நின்றால் கதை மாறுகிறது. சாயங்காலம் நாலரை மணிக்கு மேல் சூரியன் கட்டடங்களுக்குப் பின்னால் இறங்கி, கரை முழுக்க நிழலாகிவிடும். கிழக்கு வானம் முழுவதும் ஒரே விளக்காக முகத்தில் மென்மையாக விழும். ஸ்டுடியோவில் துணி கட்டிச் செய்ததை இங்கே வானம் சும்மா செய்கிறது. பின்னணிக்கு ஃபைபர் போட்டுகளின் நீலமும் பச்சையும், குவித்த வலையில் மிதவைகள், அரசு வாரியக் குடியிருப்பின் பெயர்ந்த பூச்சும் ஜன்னல்களும், கொடியில் காயும் துணி, நடுவே ஒன்றிரண்டு மரம். ஹீலியோஸ் கேட்பது இப்படித் துணுக்குத் துணுக்கான பின்னணியைத்தான். ஆடியில் குப்பத்து அம்மன் கோயில்களில் கூழ் ஊற்றும் நாட்களில் சீரியல் லைட் போட்டுவிடுவார்கள். இருட்டிய பிறகு எஃப்/2-இல் அந்த விளக்குகள் முகத்தைச் சுற்றி வளைந்து நிற்பதைப் பார்த்தால், அந்தப் பழைய குறைக்கு ஒரு கும்பிடு போடத் தோன்றும்.

வெயிலில் வேலை செய்கிறவர்களின் கறுத்த தோலை எடுக்கும்போது கேமராவின் மீட்டரை நம்பக் கூடாது. பின்னால் பளீரென்ற மணல் இருந்தால் முகத்தை இருட்டாக்கும். முகம் சட்டத்தை நிறைத்தால் தேவையில்லாமல் வெளுக்கும். புதிய லென்ஸ்களின் கான்ட்ராஸ்ட் உச்சி வெயிலில் கண்குழியை மையாக்கிவிடும். ஹீலியோஸில் நிழல் கொஞ்சம் இளகியே விழும். வயதான முகங்களில் அது நல்லது. கோடம்பாக்கத்தில் கதாநாயகிக்கு லென்ஸில் நெட் கட்டிய காலத்து மென்மை அல்ல. சுருக்கம் ஒவ்வொன்றும் தெரியும், அதட்டாமல் தெரியும்.

மீன் கூடையோடு உட்கார்ந்திருந்த ஓர் அக்கா நான் வளையத்தைத் திருப்புவதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“இன்னா தம்பி, நீயே திருகிக்கினு கீறே? அதுவா புடிக்காதா?”

“பழைய லென்ஸ் அக்கா. கையாலதான் வைக்கணும்.”

“அப்ப நான் எம்மா நேரம் சிரிச்சிக்கினே இருக்கறது?”

நியாயமான கேள்வி. மூன்றாவது நொடியில் சிரிப்பு தளர்ந்துவிடும். அதனால் முதலில் ஃபோகஸை வைத்துவிட்டு, நான் அசையாமல், அவர்கள் பேச்சில் மூழ்கும் வரை காத்திருப்பேன். தலை கொஞ்சம் முன்னால் சாய்ந்தால் நானும் அதே அளவு பின்னால் சாய வேண்டும்; வளையத்தைத் தொடுவதைவிட இது வேகம். ஆனால் விநாயகர் சிலைகளைக் கரைக்கும் நாளில் இதெல்லாம் செல்லாது. நகரத்தின் பாதிச் சிலைகள் லாரியில் வந்து, கிரேனில் தொங்கிக் கடலுக்குப் போகும். தண்ணீர், தள்ளுமுள்ளு, மேளம். அன்று 85-ஐ மாட்டி, கண்ணைப் பிடிக்கும் வேலையைக் கேமராவிடம் விட்டுவிடுவேன். பட்டினப்பாக்கத்தில் பெயர் சொல்லிக் கேட்காமல் யாரையும் எடுப்பதில்லை என்பது இன்னொரு வழக்கம். 2004 சுனாமிக்குப் பிறகு இந்தக் கரைக்கு வந்த கேமராக்கள் கொஞ்சமா? முகத்தைக் கொடுத்தவர்களில் படத்தைக் கையில் வாங்கியவர்கள் எத்தனை பேர் என்று கேட்டால் கரையில் சிரிக்கிறார்கள்.

உப்பைப் பற்றி எச்சரிக்காமல் விடக் கூடாது. மதியத்துக்கு மேல் கடற்காற்று ஏறும்போது கண்ணுக்குத் தெரியாத உப்புத் திவலை லென்ஸ் முழுக்கப் படியும். சட்டைத் துணியால் துடைத்தால் மணல்துகள் கோட்டிங்கைக் கீறும். முதலில் ஊதுபந்தால் ஊதி, பிறகு லேசாக ஈரமாக்கிய லென்ஸ் துணியால் துடைக்க வேண்டும். 49 மி.மீ. மரை என்பதால் மலிவான ஒரு யு.வி. ஃபில்டர் போட்டுவிடலாம், கரையில் மட்டும் நான் அதை ஆதரிக்கிறேன். மணலில் நின்று லென்ஸ் மாற்றாதீர்கள். அடாப்டர் மாட்டுவதை வீட்டிலேயே முடித்துவிடுங்கள். வைக்கும் இடத்தில் ஈரப்பதம் 40-இலிருந்து 50 சதவீதத்துக்குள் இருந்தால் ஃபங்கஸ் வராது. அதற்கென்று மின்சாரப் பெட்டி விற்கிறார்கள். காசில்லையென்றால் காற்றுப்புகாத பிளாஸ்டிக் டப்பா, சிலிகா ஜெல், உள்ளே ஒரு சின்ன ஈரப்பதமானி. எல்லாவற்றையும்விட நல்ல மருந்து, வாரம் ஒருமுறை எடுத்து உபயோகிப்பது.

இந்த லென்ஸின் வம்சத்துக்கு இப்போது சினிமாவிலும் மவுசு. 2024-இல் வந்த ‘ட்யூன்: பாகம் இரண்டு’ படத்துக்கு ஒளிப்பதிவாளர் க்ரெய்க் ஃப்ரேசர் சோவியத் காலத்து லென்ஸ்களைப் புது உறையில் பொருத்திப் பயன்படுத்தினார். உறை செய்து தந்தது உக்ரைன் நிறுவனம். யெனாவில் கணக்கிட்டு, கிராஸ்னகோர்ஸ்கில் வார்த்து, கீவ் கைகளால் சினிமாவுக்குப் போகிற பொருளின் நாடு எது என்று சுங்க அதிகாரி கேட்டால் என்ன எழுதுவது?

என்னுடையது இப்போதைக்கு என்னிடம் இல்லை. சீனிவாசபுரத்தில் விஸ்காம் படிக்கும் ஒரு பையன் சின்னச் சென்சார் கேமராவோடு, குடியிருப்பின் பழைய ஆட்களைப் பேசவைத்து வீடியோ எடுக்கிறான். அவனிடம் இருக்கிறது. சுழல் அவனுக்குக் கிடைக்கவில்லை. சென்சார் ஓரத்தை வெட்டிவிடுகிறது. “அது எதுக்குண்ணா, தலையச் சுத்துது” என்றான். அவனுக்குப் பிடித்தது அந்த இரண்டாவது அபர்ச்சர் வளையம். அதில் படிப்படியான சொடுக்கு கிடையாது, வழுக்கிக்கொண்டு திரும்பும். பேசுகிறவர் வெயிலிலிருந்து வீட்டுத் திண்ணைக்கு ஏறும்போது, ஒலிவாங்கியில் ‘டிக் டிக்’ என்று கேட்காமல் ஒளியைக் கூட்டிக்கொண்டே போகலாம். 87 மி.மீ. கணக்கில் நாற்காலியை இரண்டரை மீட்டர் தள்ளிப் போடுகிறான். அந்த வீடுகளின் கூடத்தில் அவ்வளவு தூரம் கிடையாது. அதனால் கேமராவைத் தெருவில் வைத்து, வாசல்படி வழியாக எடுக்கிறான். போகிற வருகிற சைக்கிளுக்கு நடுநடுவே வழிவிட வேண்டியிருக்கிறது.